டேப்புக்குள் இரண்டு விரல்

போனில் தையல் சொல்லிக்கொடுக்க முகம் வேண்டாம், கை போதும் என்று எப்சிபாவுக்கு முதலில் சொன்னவள் அவள் மருமகள் ஜெனிபா. போன வருசம் ஈஸ்டருக்கு வந்துவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேற இருந்த மத்தியானம். உங்க மூஞ்சியப் பாத்தா அத்தை அவங்க ஜாக்கெட் வெட்டப் போறாங்க, கையைக் காட்டுங்க, கத்தரியைக் காட்டுங்க, அது போதும் என்று சொல்லிவிட்டு, அவளே நாற்காலியில் ஏறிப் பின்னறையின் கொடிக்கயிற்றில் ஒரு சட்டை ஹேங்கரை மாட்டி, அதில் ரப்பர் பேண்டு சுற்றிப் போனை முகம் கீழே பார்க்கக் கட்டித் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து வெட்டுகிற மேசைக்கு மேலே அந்த ஹேங்கர் தொங்குகிறது. எப்சிபா கண்ணை மேலே தூக்கினால்தான் படிக்கிற பிள்ளைகள் தெரிவார்கள். இன்றைக்கும் மூன்று மணிக்கு நாற்காலியில் ஏறிப் போனைக் கட்டினாள், லிங்கை அமுக்கினாள், இறங்கி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். திரை முழுக்க அவளுடைய இரண்டு கைகள். மேசைமேல் விரித்த பழைய போர்வை, அதன்மேல் டேப், சாக்குக்கட்டி, கத்தரி, நடுவில் கைகள், யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்து போனது மாதிரி. இங்கே நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள் என்று போன் எழுதிக் காட்டியது. தெரிந்த விஷயம்தானே, அதை எழுதி வேறு காட்ட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள். முன்னறையில் அவள் வீட்டுக்காரர் தனசிங் சிரித்தார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பு நேரத்தில் டிவி சத்தம் இடைஞ்சல் என்று மகன் சாம்ராஜ் அவருக்குக் காதில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்று வாங்கி அனுப்பினான். வகுப்பு இல்லாத நேரத்திலும் அவர் அதைக் கழற்றுவதில்லை, சாப்பிடும்போதுகூட. வீட்டில் இப்போது சத்தமே கிடையாது. அவருடைய சிரிப்பு மட்டும், எதற்கென்று தெரியாத சிரிப்பு, திடீரென்று வரும், திடீரென்று நிற்கும். ஏங்க என்று கூப்பிட்டால் கேட்காது, எதிரே போய் நின்று கையை ஆட்ட வேண்டும், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அவரும் நல்ல மனுசர்தான். ஒரு நாளும் கை நீட்டியதில்லை, ஒரு நாளும் குடித்ததில்லை, அதையெல்லாம் ஆண்டவருக்குச் சொல்லி நன்றி செலுத்தித்தான் வருகிறாள். ஆனாலும் நன்றி சொல்லி முடித்த பிறகு ஒரு அமைதி வருமே, அந்த அமைதி கொஞ்ச நாளாக வரவில்லை, அந்த இடத்தில் இந்தச் சிரிப்புச் சத்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆடி வெள்ளி. கோவில்பட்டி கனி காலையிலேயே பேசிவிட்டாள், அக்கா எங்க தெருவுல கூழ் ஊத்துதோம், கோவிச்சுக்கிடாதீங்க, செவ்வாய்க்கிழமை ரெண்டு பாடம் சேத்து நடத்துங்க என்று. மேலப்பாளையத்து மைமூனிடம் இருப்பது அவள் மகனுடைய போன், அவனுக்குப் பரீட்சை. மதினியும் நாத்தனாருமாக ஒரே வீட்டிலிருந்து படிக்கிற இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். இவர்கள் யாருக்குமே திரையில் சொந்தப் பெயர் கிடையாது. கனியின் கட்டத்தில் சரவணா எலக்ட்ரிக்கல்ஸ் என்று இருக்கும், மைமூனின் கட்டத்தில் அஸ்லம் நைன்த் பி. ஆரம்பத்தில் எப்சிபா குழம்பிப்போய், அஸ்லம் உங்க கழுத்து இறக்கம் கூடிட்டு பாருங்க என்று சொல்ல, அவன் பத்து முடிச்சிட்டு ஜாக்கெட் போடுவாங்க்கா என்றாள் கனி. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் இவர்கள் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் பழகினார்கள் என்று சொல்ல வேண்டும். முகம் ஒருத்திக்கும் தெரியாது. ஒருத்தி போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைப்பாள், ஒருத்தி ஜன்னல் கம்பியில் கட்டுவாள், எல்லோரும் கையைத்தான் காட்டுவார்கள். காலையில் ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கும்போது எப்சிபா மகனைச் சொல்லுவாள், மஸ்கட்டில் இருக்கிற மகள் ஷைனியைச் சொல்லுவாள், பேரப்பிள்ளைகளைச் சொல்லுவாள். அவர்கள் முகமெல்லாம் கண்ணை மூடினால் வரும். பிறகு இந்தப் பிள்ளைகளிடம் வருவாள், முகம் வராது. கைதான் வரும். ஆண்டவரே அந்தக் கண்ணாடி வளையல் கையை ஆசீர்வதியும், அந்த மருதாணி நகத்தை ஆசீர்வதியும், அந்தக் கட்டைவிரல் பக்கம் சூடு பட்ட தழும்பு இருக்கிற கையை என்று சொல்லிக்கொண்டே போவாள். அவருக்கு ஆள் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் இது சரியா, ஒரு பிள்ளைக்காக ஜெபிக்கிறவள் அந்தப் பிள்ளை மூக்கும் முழியும் எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஜெபிப்பது சரியா என்று சில நாள் தோன்றும். தழும்புக் கை ஆவுடையுடையது. அந்தக் கைக்காகத்தான் யாரும் வராத இந்த நாளிலும் போனைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். ஆவுடை போன வெள்ளியும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. ஒருவேளை இன்றைக்கு வந்து, லிங்கைத் தட்டி, உள்ளே யாரும் இல்லாமல் திரும்பிப் போய்விட்டால். கதவைச் சாத்தியிருக்கும்போது வந்து போகிறவள் வந்துபோனதே நமக்குத் தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கப்போவதில்லை. அதனால் திறந்து வைத்திருப்போம், வந்தால் வரட்டும், வராவிட்டால் பேப்பர் கட்டிங் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று ஒரு பழைய காலண்டர் தாளை விரித்து, சாக்குக்கட்டியை எடுத்து, ஒரு கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை ஆவுடை. ஆவுடையம்மாள் என்று முழுப் பெயர் சொன்னால் அவளுக்கே கூச்சம், பழைய பேருக்கா, என்னய ஆவுடைன்னே கூப்பிடுங்க என்பாள். கல்யாணமாகி ஓசூரில் ஒற்றை அறை வீடு. வீட்டுக்காரன் வேலை பார்க்கிற கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம், அதனால் போன் பகலில் வீட்டில் இருக்கும், அவள் கட்டத்தில் வேல்முருகன் க்யூசி என்று பெயர் வரும். அது என்னட்டி க்யூசி என்று கனி கேட்டதற்கு, எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிற வேலக்கா என்றாள் ஆவுடை. அப்போ எங்க வீட்டுல ஆறு க்யூசி இருக்கு என்றாள் கனி. அப்படியெல்லாம் பேசின பிள்ளைதான். எப்சிபா கோட்டை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். எப்போதிருந்து பேச்சுக் குறைந்தது என்று யோசித்துப் பார்த்தாள். அவள் வராமல் போவதற்கு முந்தின இரண்டு வகுப்புகள். அதில் முதல் வகுப்பில் இரண்டாவது ஜாக்கெட் ஆரம்பித்தோம். முதல் ஜாக்கெட்டுக்கு எடுத்த அளவை அப்படியே போடக் கூடாது, புதிதாக எடுக்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் அளவெடுக்க வைத்தேன். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஆவுடையின் முறை வந்தது. மார்புச் சுற்று முப்பது வருதுக்கா என்றாள். முப்பதா, போன மாசம் முப்பத்திரண்டுன்னு சொன்னியே பிள்ள, டேப்பை இறுக்கிட்ட, மூச்சை விட்டுட்டு டேப்புக்குள்ள ரெண்டு விரல் போற மாதிரி பிடி என்றேன். கையும் டேப்பும் திரையை விட்டு மேலே போயின, அவள் துணி வெட்டுகிற வெறும் பலகை தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கை இறங்கி வந்தது. முப்பத்திரண்டுதாங்க்கா. பாத்தியா, அளவு எடுக்கத்தான் முதல்ல பழகணும் என்றேன். கனி சும்மா இருப்பாளா, நான் என்ன செஞ்சும் குறைய மாட்டேங்கேன், இவளுக்கு டேப்பே சுருங்குது, எங்கிட்டருந்து ரெண்டு இஞ்ச் வெட்டி வச்சுக்கோ ஆவுடை, கொக்கிப் பட்டிக்கு ஆகும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நல்ல பகிடிதான். பிறகு அவள் வெட்டினாள், தைத்தாள், அடுத்த வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, லூசா நிக்குக்கா என்றாள். டாட்டு மடிப்புச் சரியாப் பிடிச்சியா, பக்கத் தையலைப் பிரிச்சுக் கொஞ்சம் உள்ள வாங்கு என்றேன். பிரித்தாள். அந்தக் கை ஊசி நுனியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கித் தூக்கிப் பிரித்ததை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு பொறுமை இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டு. ஒரு நாள் முழுக்கத் தைத்ததைப் பிரித்தாள். லூசா நிக்குக்கா. லூசாக நின்றது. டேப்பை இறுக்கியிருந்தால் ஜாக்கெட் எப்படி லூசாக நிற்கும். நான் சொன்ன அளவுக்கு வெட்டினாள், நான் சொன்ன அளவு அவள் உடம்பில் இல்லை, அதனால் லூசு. அப்படியானால் முப்பது. டேப்பை அவள் இறுக்கவே இல்லை. எப்சிபாவின் கை காலண்டர் தாளின்மேல் நின்றுவிட்டது. மேலே திரையிலும் நின்றது.

அந்த மோதிரம். அதையும்தான் பார்த்தோம். கல்யாண மோதிரத்துக்கு அடியில் நூல் சுற்றியிருந்தாள், கழன்று விழாமல் இருக்க எல்லோரும் சுற்றுகிறதுதான், சிவப்பு நூல். நம்ம லைனிங் நூல்தானே அது, நல்லாத்தான் நெருக்கமாச் சுத்தியிருக்க, கொக்கி கட்டுறப்போவும் இப்படிச் சுத்து என்று அதற்கும் பாடம் சொன்னேன். முதல் மாசம் நூல் மெல்லிசாக இருந்தது. பிறகு தடித்தது. ஆண்டவரே, எனக்குத்தான் நீர் காட்டினீர், நூலை மட்டும் பார்த்தேனே நான், விரலைப் பார்க்கவில்லையே. போன் வருவதற்கு முன்னால் சபை மண்டபத்தில் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த நாளில் இப்படி நடந்திருக்காது. ஒருத்தி முதுகுப் பக்கமாக நின்று டேப்பைச் சுற்றிக் கொண்டுவரும்போதே தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள், தொட்டால் கூசுகிறவள், அழுதுவிட்டு வந்து முகம் கழுவியவள், மாசமாக இருந்தும் இன்னும் யாரிடமும் சொல்லாதவள். ஒன்றும் கேட்க வேண்டாம். எப்சிபா கல்யாணமாகி முதல் கிறிஸ்மஸுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனபோது அம்மா புதுச்சட்டை தைக்க அளவெடுத்தாள். டேப்பைச் சுற்றி நுனியைப் பிடித்தவள் உடனே விடவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்டது. என்ன அளவு என்றும் சொல்லவில்லை. கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு வாரம் இருந்துட்டுப் போ பிள்ள என்றாள், மாப்பிள்ளைக்கு நான் சொல்லிக்கிடுதேன். புது இடத்தில் மாமியார் வீட்டுச் சோறு ஏன் இறங்கவில்லை என்று அப்போது கேட்டிருந்தால் எப்சிபாவுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் ஒன்றும் செய்யவில்லை, இறங்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கையில் பட்டது. இங்கே எனக்கு எண் மட்டும் வருகிறது. முப்பது, முப்பத்திரண்டு என்று ஒரு குரல் சொல்கிறது, எழுதிக்கொள்கிறோம். எண்ணுக்கு உடம்பு கிடையாது. எண்ணைத் திருத்திவிட்டோம் என்றால் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு இஞ்ச் என்றால் சின்னப் பேச்சா. அது என்ன, காய்ச்சலா, சுகரா, இல்லை வேறு ஏதாவதா, அந்த வேல்முருகன் எப்படிப்பட்டவன், குற்றம் கண்டுபிடிக்கிற வேலை என்றாளே, சிரித்துக்கொண்டேதானே சொன்னாள், சிரித்துக்கொண்டு சொல்வதை எல்லாம் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியுமா. ஒற்றை அறை. அக்கம்பக்கமெல்லாம் தெலுங்கும் கன்னடமும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளை விழுந்து கிடந்தால் சாயங்காலம்வரை யாருக்குத் தெரியும். இல்லை, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. நினைப்பு போகிற வழியில் போனை எடுத்துப் பேசிவிட்டால் என்ன. ஆனால் அது அவன் போன். இன்றைக்கு அவனுக்கு லீவாக இருந்தால். முந்தாநாள்கூட, சாப்பிட்டியாம்மா என்று எழுதினாள். எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்தாள். யாரோ ஒருத்தி எதற்கு என் பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்கிறாள், நான் சோறு போடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயா என்று அவன் கேட்டால், அந்தப் பிள்ளைக்குப் பகலில் கிடைக்கிற இந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அதற்கப்புறம் என்ன எழுதினாள். செவ்வாய் வகுப்பில் ஜாக்கெட் கை வெட்டினோம், விட்டுப்போனதை நான் சொல்லித்தருகிறேன் என்று எழுதி அனுப்பினாள். யார் படித்தாலும் குற்றம் இல்லாத செய்தி. அதில் ஒன்றுமே இல்லை. கேட்க நினைத்தது ஒன்று, அனுப்பினது ஒன்று.

நிழல் விழுந்தது. தனசிங் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார், ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. எத்தனை பேரு ஏறியிருக்கு என்றார். ஒருத்தரும் இல்லைங்க என்றாள். ஆளே இல்லாம டிரிப்பு அடிக்கியா, டீசல் யாரு குடுப்பா என்றார். அவருக்கு அவர் பகிடி பிடித்திருந்தது, சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எப்சிபாவுக்கும் சிரிப்பு வந்தது, வந்தது பாதியில் நின்றது. ஏங்க, ஒரு பிள்ளை ரெண்டு வகுப்பா வரல, மெலிஞ்சு போயிருக்கும்போல, எனக்குப் பயமா இருக்கு என்று சொன்னாள். இதை உரக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னபோதுதான் எவ்வளவு பயம் என்று தெரிந்தது. அவர் மேசையைப் பார்த்தார், தொங்குகிற போனைப் பார்த்தார், அதில் தெரிந்த அவளுடைய கைகளைப் பார்த்தார். மூஞ்சியே தெரியாதும்ப, மெலிஞ்சது எப்படித் தெரியும் உனக்கு என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அளவைத் திருத்திச் சொல்லிட்டேங்க என்றாள். அவருக்குப் புரியவில்லை. கடைசி வண்டில சில நேரம் ஒரே ஒரு டிக்கெட் இருக்கும், அதுக்காகவும் அம்புட்டுத் தூரம் போகத்தான் செய்யணும், பாதியில திருப்ப முடியாது என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தான் சொன்னது பெரிய பேச்சு இல்லை என்பது மாதிரிக் காதில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். காப்பி கேட்க வந்தவர், கேட்காமலே போய்விட்டார் என்பது பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. போட்டுக் கொடுக்கலாம், எழுந்திருக்கலாம், ஆனால் எழுந்த நேரம் பார்த்து அவள் வந்துவிட்டால் வெறும் மேசையைத்தானே பார்ப்பாள். வெறும் போர்வையைப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று வைத்துவிட்டால். எப்சிபா கையை மேசையை விட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கை இருக்கிறது, நான் இருக்கிறேன். ஆண்டவரே, நான் அவளிடம் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியாது, எட்டாவதோடு நின்றவள் நான், ஆறுதல் சொல்கிற பேச்செல்லாம் எனக்கு வராது, நீர் அவளை மட்டும் கொண்டுவந்து சேரும், மற்றதைப் பிறகு பார்க்கலாம். கண்ணைத் திறந்தபடியே ஜெபித்தாள். திறந்தபடி ஜெபிப்பது அவளுக்குப் பழக்கமில்லை, ஆனால் மூடினால் திரை தெரியாது.

திரை இரண்டாகப் பிரிந்தது. வேல்முருகன் க்யூசி. ஒரு பலகை, ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழுந்த பலகை, அதில் முதலில் ஒன்றும் இல்லை, பிறகு இரண்டு கைகள் வந்து அடங்கின. தழும்பு இருந்தது. மோதிரம் இல்லை. யாரும் வரலியாக்கா என்றது குரல். ஆடி வெள்ளி, கனி கூழ் ஊத்தப் போயிட்டா என்றாள் எப்சிபா. குரலை வகுப்புக் குரலாகவே வைத்துக்கொண்டாள், அதிர்ந்து பேசினால் பறந்துவிடுகிற குருவியிடம் பேசுவது மாதிரி. அப்போ வகுப்பு இல்லியா, நான் வச்சிருதேங்க்கா. நீ வந்துட்டியே பிள்ள, பொறவு எப்படி இல்லாமப் போகும், இரு. கைகள் இருந்தன. மோதிரத்த எங்கட்டி. கழண்டு கழண்டு விழுதுக்கா, சமையக்கட்டு ஓட்டையில போயிரும்னு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். சரி என்றாள் எப்சிபா. போன ரெண்டு வகுப்பும் உன்னக் காணோமே. நெட் இல்லக்கா. ஆவுடையின் வலதுகை விரல் பலகையின் விளிம்பைச் சுரண்டியது. நெட்டு இருந்துச்சு என்றாள் பிறகு. எந்திக்கத் தோணல. கேட்டுவிட வேண்டியதுதான், யாருமில்லை, கனி இல்லை, சிரிக்க ஒருத்தருமில்லை. அவரு உன்ன நல்லா வச்சிருக்காராம்மா. ஐயோ அவுக நல்ல மாதிரிக்கா, ஓவர்டைம் பாக்காக, வந்தா உடம்பச் சாய்க்கத்தான் நேரம். குரலில் பொய் இல்லை. இருந்தால் தெரிந்திருக்கும், எப்சிபாவுக்கு அந்தப் பொய்யும் தெரியும், சபை மண்டபத்தில் கேட்டிருக்கிறாள். பயத்தின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது, மற்றது அப்படியே இருந்தது. டேப்ப எடு ஆவுடை என்றாள். மார்புச் சுற்று எடுத்துச் சொல்லு. நான் என்ன சொல்லுவேனோன்னு நெனச்சுச் சொல்லாத. டேப்புல என்ன இருக்கோ அதச் சொல்லு. கையும் டேப்பும் மேலே போயின. வெறும் பலகையை எப்சிபா பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. ரொம்ப நேரம் ஆனது மாதிரி இருந்தது. இருபத்தொம்பது என்றது குரல், பலகைக்கு வெளியே எங்கிருந்தோ. தப்பாக்கா.

தப்பில்ல பிள்ள, சரியாத்தான் எடுத்திருக்க. அன்னைக்கும் நீ சரியாத்தான் எடுத்திருந்த, நாந்தான் மாத்திச் சொல்ல வச்சிட்டேன் என்றாள் எப்சிபா. கை இறங்கி வந்தது, டேப்பைச் சுருட்டவில்லை, அதன் நடுவில் அப்படியே கிடந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எப்சிபா பேசாமல் இருந்தாள், அம்மா நின்ற மாதிரி. சாப்பிடுதியாம்மா என்று பிறகு கேட்டாள், முந்தாநாள் எழுதி அழித்த அதே வார்த்தை, இப்போது வாயால் வந்தபோது பெரிய வார்த்தையாக இல்லை. பொங்குவேங்க்கா, அவுகளுக்குக் கட்டிக் குடுப்பேன், அவுக சாப்பிட்டுருவாக, எனக்கும் தட்டுல போட்டுட்டு உக்காருவேன். எதிர சுவரு. ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்கு. பக்கத்து வீட்டுல பேசுதது ஒண்ணும் வெளங்காது, அதக் கேட்டுக்கிட்டே இருப்பேன், சோறு காஞ்சு போகும், கொட்டிருவேன். அம்மாட்ட சொல்லலியா. சொன்னா அழுவாங்க, வந்துருன்னு சொல்லுவாங்க, அவுகள விட்டுட்டு எப்படிக்கா வர. உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னுதான் நெனைக்கேன். எப்சிபா, அதை டாக்டர் சொல்லட்டும், ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவுதானே, கூட்டிட்டுப் போய்க் காட்டு, அவருட்ட இந்த அளவச் சொல்லு, குற்றம் கண்டுபிடிக்கிற வேலைதானே பாக்காரு, இதைக் கண்டுபிடிக்கலியான்னு கேளு என்றாள். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். சரிக்கா, சொல்லுதேன். ஜெபிக்கிறேம்மா என்று சொல்லலாம், சொல்லாமலே அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். தைரியமா இரு என்று சொல்லலாம், அது காதோடு நின்றுவிடும், தொண்டைக்குக் கீழே போகாது. பலகையில் இரண்டு கைகள், இந்த மேசையில் இரண்டு கைகள், நடுவில் எத்தனை ஊர். இங்கே அவருக்கு முன்னறையில் ஒரு தட்டு, அவளுக்குப் பின்னறையில் ஒரு தட்டு என்று ஆகி எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது, அதை ஓரமாக வைத்தாள். ஒரு நிமிசம் இரு, எங்கயும் போயிராத என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கத்தரியையும் சாக்குக்கட்டியையும் எடுத்து மெஷின்மேல் வைத்தாள், கோடு கோணிய காலண்டர் தாளை மடித்தாள், போர்வையைச் சுருட்டி மேசையை ஈரத்துணியால் துடைத்தாள். அடுப்படியில் மத்தியானத்துச் சோறு இருந்தது, புளிக்குழம்பு இருந்தது. மத்தியானம் நின்றுகொண்டே நாலு வாய் விழுங்கியதுதான். தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து போனுக்கு நேர் கீழே வைத்து, உட்கார்ந்து, கண்ணை மேலே தூக்கிப் பார்த்தாள். அந்தக் கைகள் போகாமல் காத்துக்கொண்டிருந்தன.

ஆவுடை.

என்னக்கா.

ஒரு தட்டுல கொஞ்சம் சோறு போட்டு எடுத்துட்டு வாம்மா. இந்தப் பலகையிலயே வச்சு, என் கண்ணு முன்னால சாப்பிடு. நானும் எடுத்துட்டு வந்துட்டேன், எனக்கும் தனியாச் சாப்பிடப் பிடிக்கல.